சொக்கலேற்றும் பனங்கட்டியும்: புத்தூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பண்டத்தைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே மக்கள் ஒரு கடையிற் கூடுவது வரலாற்றில் மிகப் பிந்திய வழக்கமாகும். பசிக்கு உண்பது பழையது. விழாவுக்கு உண்பதும் பழையது. விலை கொடுத்து அமர்ந்து, விரலளவான துண்டொன்றை நாவில் வைத்து, அது கரைந்து முடியும்வரை பேசாதிருந்து, பின்னர் அதன் கசப்பையும் புளிப்பையும் மணத்தையும் பிரித்துக் கூறுவதென்பது உபரியும் ஓய்வும் உடைய சமுதாயத்துக்கே இயல்வது. சூரிச், இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களின் சொக்கலேற் கடைகள் இன்று இத்தகைய சுவைநிகழ்வுகளை நடத்துகின்றன. துண்டை முறிக்கும்போது எழும் ஓசை, மேற்பரப்பின் மினுக்கம், மணம், உருகும் விதம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நோக்கப்படுகின்றன. கொக்கோ விளைந்த நாடு மட்டுமன்றிச் சில வேளைகளில் தோட்டத்தின் பெயருங்கூட அறிவிக்கப்படுகிறது. வலிகாமத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் நகரங்களும் இவையே. அக்குடும்பங்களின் பழைய ஊர்களுள் ஒன்றான புத்தூரிலிருந்து இதே பண்டத்தை நோக்குமிடத்து வேறொரு வரலாறு புலனாகின்றது.

சொக்கலேற்றின் வணிக வரலாறே ஒரு கடையிற் சுவைத்தலோடு தொடர்புடையது. மெக்சிக்கோவிலும் அதன் அயலிலும் வாழ்ந்த மாயர், அஸ்ரெக் மக்கள் கொக்கோவைக் கசப்பான பானமாகவே அருந்தினர். கொக்கோ விதை அவர்களிடையே நாணயமாகவும் வழங்கியது. ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த அப்பானம் 1657 இல் இலண்டன் பிஷப்ஸ்கேற் பகுதியிலே பிரெஞ்சுக்காரர் ஒருவரின் இல்லத்தில் விற்கப்படுவதாகப் பத்திரிகை விளம்பரம் வெளிவந்தது. அங்கேயே அருந்தலாம், காய்ச்சாத பொருளாகவும் வாங்கிச் செல்லலாம். அன்று அது செல்வர்க்குரிய பானம். 1828 இல் ஒல்லாந்தரான வான் ஹூட்டன் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றதும், 1847 இல் பிறிஸ்ரலிற் பிரை நிறுவனம் கடித்துண்ணும் கட்டியை வார்த்ததும், 1875 அளவிற் சுவிற்சர்லாந்தில் தானியேல் பீற்றர் பாலைச் சேர்த்ததும், 1879 இல் லிண்ட் அதனை நெடுநேரம் அரைத்து மென்மையாக்கியதும் அப்பானத்தைப் பெட்டியில் அடைத்து விற்கக்கூடிய பண்டமாக்கின.

இலங்கை இவ்வரலாற்றிற் புகுவது ஒரு நோயின் வாயிலாக ஆகும். 1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் அடுத்த இரு பதிற்றாண்டுகளுள் மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டத்துரைமார் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் மாறினர். தும்பறைப் பள்ளத்தாக்கிலும் மாத்தளையிலும் சிலர் கொக்கோவை நட்டனர். இலங்கைக் கொக்கோ, புளிக்கவைத்தபின் நீரிற் கழுவி உலர்த்தப்பட்டமையால் வெளிறிய நிறமும் தூய தோற்றமும் பெற்று இலண்டன் சந்தையில் மதிக்கப்பட்டது. காயை வெட்டியோரும் விதையைக் கழுவியோரும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்த மக்களின் வழிவந்தோர் அவர்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாரை நாடற்றோராக்கியது. அவர்கள் கழுவி உலர்த்திய விதை இலண்டனிற் பண்டமாயிற்று. அதனைச் சுவைக்கும் வாய்ப்பு அவர்க்கு இருந்ததெனக் கொள்வதற்கில்லை. பிற்காலத்திலே தும்பறையிலுள்ள குண்டசாலையிற் சொக்கலேற் தொழிற்சாலை அமைந்தது. அங்கு ஆக்கப்பட்ட கண்டோஸ் யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் அறிமுகமான பெயராயிற்று.

புத்தூரிற் கொக்கோ விளையாது. ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் மழையும் நிழலும் ஈரக்காற்றும் அம்மரத்துக்கு வேண்டும். குடாநாட்டின் மழையோ பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் முடிந்துவிடுவது. சுண்ணாம்புக்கற் பாறைமேற் செம்மண் படிந்த இந்நிலத்தில் நீர் நிலத்தடியிலேயே உள்ளது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நவக்கிரி நிலாவரைக் கிணற்றின் மேனீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவர்நீராகவும் இருத்தலே இந்நிலத்தின் இயல்பை விளக்கப் போதிய சான்றாகும். இத்தகைய நிலத்துக்கு இனிப்பைத் தந்தது பனை. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிப் பாகு பதமானதும், பனையோலையாற் பின்னிய சிறு குட்டான்களில் வார்த்தெடுப்பது பனங்கட்டி. சுண்ணாம்பு தவறினால் கருப்பநீர் கள்ளாகிவிடும். பதம் தவறினாற் பாகு கட்டியாகாது. கொக்கோ விதையைப் புளிக்கவிட்டு மணத்தை வருவிக்கும் மெக்சிக்கோ நாட்டவரின் நுட்பத்துக்கும், புளிக்கவிடாது இனிப்பைக் காக்கும் இந்நுட்பத்துக்கும் அறிவளவிற் பெரிய வேறுபாடில்லை. ஒன்று உலகச் சந்தையை அடைந்தது. மற்றையது ஊர்ச் சந்தையோடு நின்றது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டபோதுங்கூட இவ்விடைவெளி பெரிதும் குறைந்ததாகக் கூறவியலாது.

குடாநாட்டுத் தேநீர்க் கடைகளிலே சீனி கிடைக்காத காலங்களிற் பனங்கட்டித் துண்டைக் கடித்தவாறு வெறுந்தேநீர் அருந்தப்பட்டது. சீனி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட 1970 களின் முற்பகுதி அத்தகையதொரு காலம். ஆனால் எல்லோரும் அக்கடைகளில் அமர்ந்து அருந்தினர் என எண்ணுதல் வரலாற்றைத் திரிப்பதாகும். மரமேறிக் கருப்பநீர் இறக்கியவர் எந்தச் சமூகத்தவரோ, அச்சமூகத்தவர் உட்படத் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்குக் கடைகளில் வாங்கில் இடம் மறுக்கப்பட்டது. புறம்பான குவளையிலோ போத்தலிலோ தேநீர் கொடுக்கப்பட்டது. 1957 இல் நிறைவேற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியும் வழக்கம் மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்குள்ளாயிற்று. தொடர்ந்து சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் முதலிய இடங்களிலே தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்து சமமாக அமர்ந்து அருந்தும் உரிமைக்காகப் போராட்டங்கள் நடைபெற்றன; உயிர்களும் இழக்கப்பட்டன. கடையொன்றில் அமர்ந்து ஒரு பண்டத்தைச் சுவைத்தல் எத்துணை பெரிய அரசியற் செயலாக இருக்கக்கூடும் என்பதற்கு இலண்டனின் சொக்கலேற் மண்டபங்களைவிடச் சங்கானைத் தேநீர்க் கடையே தகுந்த சான்று. சுவை பற்றிய நூல்கள் பல இதனைக் கருதுவதில்லை. சுவைப்பவரின் நாவையே அவை ஆராய்கின்றன. அவர் அமர்ந்த நாற்காலியை ஆராய்வதில்லை.

1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன்பின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலியவற்றோடு சொக்கலேற்றும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதனை நகைப்புக்குரியதாகக் கருதுவோர் உளர். ஆயினும் படைகளின் நோக்கில் அதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1937 இல் அமெரிக்க இராணுவத்தின் கப்டன் லோகன் என்பவர் ஹேர்சி நிறுவனத்திடம் போர்வீரருக்கான சொக்கலேற் கட்டியொன்றைச் செய்யக் கேட்டார். நாலு அவுன்ஸ் நிறை, கடும் வெப்பத்திலும் உருகாமை, மிக்க சக்தி என்பவற்றோடு அவர் விதித்த மற்றொரு நிபந்தனை, சுவை அவித்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலாக இருந்தாற் போதும் என்பது. சுவையாக இருந்தால் வீரர் பசிக்கு முன்னரே உண்டுவிடுவர் என்பதே காரணம். சமையல் வேண்டாத, சிறு நிறையிற் பெருஞ் சக்தி தரும் உணவென்பதால் அது எதிர்த்தரப்பினரின் கைக்குச் செல்லலாகாது என்ற தருக்கம் இங்கிருந்தே பிறக்கின்றது. அத்தருக்கத்தின் விலையைக் கொடுத்தோர் போராளிகள் மட்டுமல்லர். பட்டியலை வகுத்தோர்க்கு அது படைக்கலத்தின் உறவு. புத்தூரிலே பிறந்த குழந்தைக்கு அது பெயரளவிற் கேள்விப்பட்ட இனிப்பு.

தடையை மீறி ஏதேனும் ஒரு துண்டு வந்திருப்பினும் அதனை வைத்திருத்தல் அரிது. கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகுவது. மனித வாயிற் கரையும் இன்பம் அதனாலேயே தோன்றுகின்றது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அது கடையிலேயே கரைந்துவிடுவதும் அதனாலேயே. 1990 இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டபின் குளிர்சாதனப்பெட்டி வெறும் அலுமாரியாயிற்று. ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்தனர். அக்காலத்திற் பனங்கட்டி மீண்டும் வீட்டின் நடுவிடத்துக்கு வந்தது. மின்சாரமோ கப்பலோ வேண்டாத இனிப்பு அது.

1995 ஒக்ரோபர் 17 ஆம் திகதி தொடங்கிய ரிவிரெச இராணுவ நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாகவே யாழ் நகரை நோக்கி நகர்ந்தது. அம்மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். 1996 இல் ஒரு பகுதியினர் திரும்பினர். பலர் கடல் கடந்தனர். 2002 இற் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் பயணப்பைகளிற் சொக்கலேற் பெட்டி தவறாத பொருளாயிற்று. 1980 களிலிருந்து தமிழர் குடியேறிய சுவிற்சர்லாந்திலிருந்து வந்தவை அவற்றுட் சிறப்பாகப் பேசப்பட்டன. அப்பெட்டிகள் அயலாருக்கும் பகிரப்பட்டன; எத்தனை வீட்டுக்குக் கொடுபட்டது, எவருக்கு விடுபட்டது என்பன உறவுமுறையின் கணக்காயின. ஆகவே அங்கும் அது வெறும் சுவையாக இருக்கவில்லை. 2006 ஓகஸ்டிற் பாதை மீண்டும் மூடப்பட்டு, 2009 இற் போர் முடிந்தபின்னரே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இன்று யாழ்ப்பாணக் கடைகளிற் பலவகைச் சொக்கலேற்றும் கிடைக்கின்றது. மேலைநாட்டுச் சுவைநிகழ்விலே ஒரு துண்டு கையிற் கொடுக்கப்படும்போது அது மடகஸ்காரிலோ எக்குவடோரிலோ விளைந்ததென்பதும், எத்தனை நாள் புளிக்கவைக்கப்பட்டதென்பதும் கூறப்படுகின்றன. உலகக் கொக்கோவின் பாதிக்கு மேற்பட்டதை விளைவிக்கும் கோட் டிவுவாரிலும் கானாவிலும் உள்ள சிறு விவசாயிகளின் பெயர் மட்டும் அங்கே அருகியே கேட்கும். பனங்கட்டிக்கோ ஊரின் பெயர்தானும் வாய்த்ததில்லை. எந்த வளவுப் பனையின் கருப்பநீர், எவர் ஏறி இறக்கியது, எவர் அடுப்பிற் பாகாயிற்று என்பவற்றுள் எதனையும் அறிவிக்காமலே குட்டான்கள் கடைவாசலிற் கோவையாகத் தொங்குகின்றன.