கடல் விலகிய தெருவில் தமிழ்ப் பெயர்கள்



துவாஸில் கூடியிருக்கிறோம். 2022 செப்டம்பரில் முறையாகத் திறக்கப்பட்ட இவ்விடத்துப் புதிய துறைமுகம் 2040களில் முழுமை பெறும்போது, இருபதடிப் பெட்டகக் கணக்கில் ஆண்டுக்கு 6.5 கோடிப் பெட்டகங்களைக் கையாளும் திறன் பெறும். நகரையொட்டிய பழைய துறைமுகத் தளங்கள் இங்கு இடம்பெயர்கின்றன. துறைமுகம் நகர்ந்தபின் பழைய கரையில் எஞ்சுவது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

இன்றைய துருக்கியின் மேற்கே எபேசு என்னும் பண்டைத் துறைமுக நகரம் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. கடல் பல கிலோமீட்டர் விலகிற்று. கடலை இழந்த அந்நிலத்தில் ஆர்ட்டெமிஸ் கோவிலின் எச்சமும், புனித யோவான் தேவாலயத்தின் இடிபாடும், 1375இல் கட்டப்பட்ட ஈசா பே பள்ளிவாசலும் நடந்து சென்று காணும் தொலைவில் அருகருகே உள்ளன.

நம் நகரில் அதற்கு இணையானது தெலுக் ஆயர் தெரு. மலாயில் ‘தெலுக்’ என்பது விரிகுடா; ‘ஆயர்’ என்பது நீர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும் வரை அத்தெருவே கடற்கரை. எபேசுவில் வண்டல் செய்ததை இங்கு மனிதர் கைகள் செய்தன. அன்று கப்பலிலிருந்து இறங்கியோர் பயணம் நலமாய் முடிந்தமைக்கு நன்றி செலுத்திய இடங்கள் இன்றும் அங்கு வரிசையாய் நிற்கின்றன.

முதலாவது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பிய நாகூர் தர்கா. நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அமைந்தது இது. அடுத்து, ஹொக்கியன் சீனர் கடல் தெய்வமான மாட்சுவுக்கு 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹொக் கெங் கோவில். மூன்றாவது, 1827இல் ஓலைக்குடிலாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். அக்குடிலின் நினைவாகவே தமிழர் அதனைக் ‘குச்சுப் பள்ளி’ என்றனர். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமியா பள்ளிவாசலுக்குப் ‘பெரிய பள்ளி’ என்று பெயர்.

‘பள்ளி’ என்ற சொல்லைச் சற்று நோக்குவோம். படுக்கை, உறைவிடம் என்னும் பொருளில் வழங்கிய அச்சொல் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் இஸ்லாமியர் தொழுமிடத்திற்கும் பெயராயிற்று. சமயம் பலவற்றை ஏற்று வளர்ந்த மொழியின் வரலாறு அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

மாரியம்மன் கோவிலுக்கும் முதலில் தெலுக் ஆயர் தெருவிலேயே நிலம் ஒதுக்கப்பட்டது. வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் அருகில் இல்லாமையால் அவ்விடம் கைவிடப்பட்டது. 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால், 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் அத்தாப்பும் கொண்டு கோவில் எழுந்தது. தண்ணீர் கிடைத்திருந்தால் அம்மனும் ஆண்டகையும் ஒரே தெருவில் அண்டை வீட்டாராக இருந்திருப்பர். இன்றும் அக்கோவிலுக்குச் சில அடி தொலைவில்தான் பெரிய பள்ளி நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் தர்காவைக் காண வந்த தமிழ் மாணவர் சிலர், நாகூர் ஓர் ஊரின் பெயர் என்பதையே அறிந்திலர். குச்சுப் பள்ளி என்ற பெயரையும் அவர்கள் கேட்டதில்லை. கட்டடங்களைக் காக்கச் சட்டம் உண்டு. இவை யாவும் தேசிய நினைவுச்சின்னங்கள். பெயர்களை வழங்குவோர் நாவே காக்க வேண்டும். மலாய் மொழி நம்மிடமிருந்து பெற்ற ‘கப்பல்’, ‘கடை’, ‘கோயில்’ ஆகிய சொற்களைக் ‘காப்பால்’, ‘கெடாய்’, ‘குயில்’ என இன்றும் வழங்கிக் காக்கிறது. நம் சொற்களை நாம் கைவிடலாமோ?

துவாஸில் உழைக்கும் நம் இளைஞர் பலர் ஞாயிறுதோறும் தேக்காவுக்குச் செல்கின்றனர். ஒரு ஞாயிறு தஞ்சோங் பகாரில் இறங்கித் தெலுக் ஆயர் வரை நடந்து வாருங்கள். குச்சுப் பள்ளியின் முன் நின்று, அப்பெயரை உடன் வந்தவர்க்கு ஒருமுறை சொல்லுங்கள்.