இரு பரிமாற்றங்கள்

பரிமாற்றம் என்னும் சொல், ஏஜியன் கடலின் இரு கரைகளிலும் நெடுங்காலம் கண்ணீரையே நினைவூட்டி வந்தது. 1923-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், மக்களைப் பரிமாறிக்கொள்ளும் உடன்படிக்கையில் கிரேக்க நாடும் துருக்கியும் கையெழுத்திட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்க நாட்டிற்கு உரியவர் என்றும், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு உரியவர் என்றும் முடிவாயிற்று. அக்கிறிஸ்தவருள் பெரும்பாலோர், 1922-இல் ஸ்மிர்னா நகரம் தீக்கிரையான நாள்களிலும் அதனையடுத்தும் தப்பி வந்தவர்கள். அவர்கள் வீடு திரும்பும் வழியை உடன்படிக்கை அடைத்துவிட்டது.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று பிரிக்கக் கொண்ட அளவுகோல் மொழியன்று, சமயமே. கப்படோக்கியாப் பகுதியில் துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, அதனைக் கிரேக்க எழுத்துகளில் எழுதிவந்த கிறிஸ்தவர்கள் 'கிரேக்கர்' ஆயினர். கிரீட் தீவில் கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் 'துருக்கியர்' ஆயினர். இறைவனை வழிபடும் முறையே ஒருவரை அவர் பிறந்த மண்ணிலிருந்து அகற்றும் ஆணையாக மாறிய இக்கொடுமையை, நம்பிக்கையாளராகிய நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது.

அயலார் அகன்றனர், அவர்களைப் பற்றிய கதைகள் மட்டும் எஞ்சின. மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25-ஆம் நாளைக் கிரேக்கர், 1821-இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழுந்த விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். துருக்கியரோ ஆகஸ்டு 30-ஆம் நாளை, 1922-இல் கிரேக்கப் படையை முறியடித்த வெற்றி நாளாகக் கொண்டாடுகின்றனர். துருக்கியருக்கு விடுதலைப் போராக விளங்கும் நிகழ்ச்சி, கிரேக்கருக்குப் பேரழிவு. ஒருவர் விழாவில் மற்றவரே பகைவர். இச்சூழலில் வளரும் குழந்தை, அயலானை நேரில் காணுமுன்பே அவனை அஞ்சக் கற்றுக்கொள்கிறது.

துருக்கியில் பிறந்த கிரேக்கராகிய ஹெர்குலிஸ் மில்லாஸ் என்னும் ஆய்வாளர், இரு நாடுகளின் பாடநூல்களையும் புதினங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். அவர் கண்ட ஓர் உண்மை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சில துருக்கிய எழுத்தாளர்களின் புதினங்களில் தீயவராகவே வரும் கிரேக்கர், அதே எழுத்தாளர்களின் வாழ்க்கை நினைவுகளில் இயல்பான மனிதராக வருகின்றனர். கற்பனையில் வாழ்பவன் பகைவன். பழகி அறிந்தவன் மனிதன்.

நல்லுறவுக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 1930-இல் கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸ் அங்காரா சென்று நட்பு ஒப்பந்தம் செய்தார். 1934-இல் முன்னாள் எதிரியான அதாதுர்க்கின் பெயரையே நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். ஆயினும் தலைவர்கள் செய்த நட்பு மக்களின் உள்ளத்தில் வேரூன்றவில்லை. 1955-இல் இஸ்தான்புல் கிரேக்கர் மீது நடந்த வன்முறையும், 1974-இல் சைப்பிரசில் மூண்ட போரும் பழைய புண்களைக் கீறின.

இவ்விறுக்கத்தைத் தளர்த்தியது ஒரு துயரம். 1999 ஆகஸ்டு 17-இல் துருக்கியின் இஸ்மித் பகுதியில் நிலம் நடுங்கி, 17,000-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது கிரேக்க மீட்புக் குழுவினர் விரைந்து சென்றனர். மூன்று வாரங்களில் ஏதென்ஸ் நகரம் நடுங்கி 143 பேர் மாண்டபோது, துருக்கிய மீட்புக் குழுவினர் அங்கு வந்து இடிபாடுகளை அகழ்ந்தனர். இடிபாட்டில் புதைந்தவனிடம் எவரும் இனம் கேட்கவில்லை.

அதன்பின் இளையோர் சந்திப்புகளுக்கு வழி திறந்தது. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி, இளைஞர் திட்டங்களில் துருக்கி முழுமையாகச் சேர்ந்தது. இன்றைய எராஸ்மஸ் திட்டத்தின்படி, 13 முதல் 30 வயது வரையுள்ளோர் 5 முதல் 21 நாள்கள் வரை மற்ற நாட்டினரோடு கூடித் தங்கலாம். சேர்ந்து உழைத்து, உரையாடலாம். பாடநூல்கள் சொல்லாததை அடுக்களையும் சொல்லித் தருகிறது. 'டோல்மா' இருவருக்கும் சொந்தம். ஒருவர் துருக்கியக் காப்பி என்பதை மற்றவர் கிரேக்கக் காப்பி என்கிறார்.

ஆயின் விருந்தும் ஆடலும் மட்டும் போதா. சமநிலை, பொது இலக்கு, கூட்டுழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை அமைந்தால்தான் சந்திப்பு தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். கசப்பான வரலாற்றையும் ஒரே மேசையில் திறந்தாக வேண்டும். தெசலோனிக்கி நகரில் இயங்கிய ஒரு மையம், தென்கிழக்கு ஐரோப்பிய ஆசிரியர்களுக்காக 2005-இல் வெளியிட்ட நான்கு வரலாற்று நூல்கள், பல தரப்பு ஆவணங்களையும் அருகருகே வைத்து இதற்கு வழிகாட்டின.

இளையோரின் நட்பு அரசுகளின் வழக்குகளைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2020-இல் கிழக்கு மத்தியதரைக் கடலில் இரு நாட்டுப் போர்க்கப்பல்கள் ஒன்றோடொன்று உரசின. 2023 பிப்ரவரியில் துருக்கி மீண்டும் நடுங்கியபோது கிரேக்கர் மீண்டும் உதவிக்கு வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இரு நாடுகளும் ஏதென்சில் நட்பறிக்கை வெளியிட்டன. எல்லைச் சிக்கல்களோ அப்படியே நிற்கின்றன.

எனினும் இவ்விரு பரிமாற்றங்களின் வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. 1923-இல் சென்றவர் திரும்பவில்லை. இன்று செல்லும் இளைஞர் திரும்பி வருகின்றனர். இரவு உணவின்போது வீட்டுப் பெரியவர், "அவர்கள் எல்லாரும் அப்படித்தான்" என்று தொடங்கும் வேளையில், "இல்லை தாத்தா, அவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும்" என்று சொல்ல அந்த வீட்டில் இன்று ஒருவர் இருக்கிறார்.