சேப்பாக்கம்: ஒரு மறைந்த தொகுதியின் வாக்கு வரலாறு

தமிழக அரசியலைப் பேசுவோர் சேப்பாக்கத்தைக் 'கலைஞரின் தொகுதி' என்றே நினைவில் வைத்திருக்கின்றனர். 1996, 2001, 2006 ஆகிய மூன்று தேர்தல்களில் மு. கருணாநிதி அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு முறை அவர் முதலமைச்சராக வீற்றிருந்தது அத்தொகுதியின் உறுப்பினராகத்தான். ஆயின் அத்தொகுதி 1977 முதல் 2006 வரை எட்டுப் பொதுத் தேர்தல்களைக் கண்டது. அவற்றுள் முதல் ஐந்தும் இன்று பேசப்படுவதில்லை. அந்த ஐந்து தேர்தல்களிலும் சேப்பாக்கம் சட்டமன்றத்திற்கு அனுப்பியது முஸ்லிம் உறுப்பினர்களையே. இந்த மறதியின் பொருள் என்ன என்பதே நம் ஆய்வு.

சேப்பாக்கம் முஸ்லிம் வரலாற்றுக்குப் புதிய பெயரன்று. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் தம் மாளிகையை இங்கே எழுப்பினார். 1795இல் திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. 1801இல் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தபோது பட்டமும் முடிவுக்கு வந்தது. மாளிகை அரசின் உடைமையாயிற்று. அரண்மனையை அண்டி வாழ்ந்த குடும்பங்களும், வணிகரும், உலமாக்களும் சூழ வளர்ந்த குடியிருப்புகள் மட்டும் நிலைத்தன. அந்தக் குடியிருப்புகளின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் இப்பகுதியின் வாக்காளர்களுள் ஒரு கணிசமான பகுதியினர்.

வாக்கு வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு பின்னணியை நினைவுகூர வேண்டும். 1909ஆம் ஆண்டின் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. 1946 தேர்தல் வரை அந்த ஏற்பாடு நீடித்தது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதியைத் தக்கவைக்க வேண்டுமெனப் போக்கர் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார்.  சபை அதை ஏற்கவில்லை. 1949 மே மாதத்தில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. அதன் பின் ஒரு முஸ்லிம் சட்டமன்றம் செல்ல வேண்டுமாயின் இரண்டே வழிகள்: கட்சிகள் அவரை நிறுத்த வேண்டும், பல சமயத்தாரும் கலந்த பொதுத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் புதிய ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை அறியச் சேப்பாக்கம் ஒரு நல்ல சான்று.

1977இல் நடந்த முதல் தேர்தலில் தி.மு.க.வின் அ. ரகுமான்கான் வென்றார். எம்.ஜி.ஆர். முதன்முதலாக ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது, தி.மு.க. மாநிலம் முழுவதிலும் 48 இடங்களையே பெற்றது. 1980இல் தி.மு.க. 37 இடங்களாகச் சுருங்கியது. ரகுமான்கான் மீண்டும் வென்றார். 1984 தேர்தல் இந்திரா காந்தியின் படுகொலைக்கும், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்ததற்கும் இடையே எழுந்த அனுதாப அலையில் நடந்தது. தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 24 இடங்கள் மட்டுமே. அந்த 24இல் சேப்பாக்கமும் ஒன்று. மூன்று முறையும் ஆளுங்கட்சிக்கு எதிர்த்திசையில் நின்ற தொகுதி இது. சட்டமன்றத்தில் துரைமுருகன், சுப்பு ஆகியோருடன் ரகுமான்கான் நடத்திய விவாதங்கள் அக்காலத்து எதிர்க்கட்சிப் பணிக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டன. அவர் தம் சமுதாயத்திற்காக மட்டும் பேசும் உறுப்பினராக இருக்கவில்லை. மாநிலத்தின் பொது விவகாரங்கள் அனைத்திலும் கட்சியின் குரலாக விளங்கினார் என்பது கருதத்தக்கது.

1989இல் தி.மு.க. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்குத் திரும்பியது. ரகுமான்கான் பூங்காநகர் தொகுதிக்கு மாறி அங்கும் வென்றார். சேப்பாக்கத்தில் தி.மு.க. சார்பில் அப்துல் லத்தீப் வெற்றி பெற்றார். 1991இல் ராஜீவ் காந்தியின் படுகொலையை அடுத்து நடந்த தேர்தலில் தி.மு.க. ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. அப்போது சேப்பாக்கமும் கை மாறியது. காங்கிரஸின் ஜீனத் ஷெரிஃபுதீன் வென்றார். தமிழகச் சட்டமன்றத்தில் முஸ்லிம் பெண் உறுப்பினர்கள் எவ்வளவு அரியர் என்பதை அறிந்தோர் இந்த முடிவின் தனித்தன்மையை உணர்வர். தி.மு.க. இத்தொகுதியில் தோற்றது அந்த ஒரு முறைதான்.

1996இல் காட்சி மாறியது. துறைமுகம் தொகுதியில் இரு முறை வென்றிருந்த கருணாநிதி சேப்பாக்கத்திற்கு வந்தார். அவர் பெற்றவை 46,097 வாக்குகள். எதிர்த்து நின்ற காங்கிரஸின் நெல்லை கண்ணன் பெற்றவை 10,313. வித்தியாசம் 35,784. ஐந்தாண்டுகள் கழித்து 2001இல் அதே தலைவர் 29,836 வாக்குகளையே பெற்றார். காங்கிரஸ் வேட்பாளர் 25,002 பெற்றார். வித்தியாசம் 4,834ஆக வீழ்ந்தது. 2006இல் கருணாநிதிக்கு 34,188, அ.தி.மு.க. ஆதரவுடன் நின்ற தாவூத் மியாகானுக்கு 25,662, வித்தியாசம் 8,526.

இந்த மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1996இல் தி.மு.க. தமிழ் மாநில காங்கிரஸுடன் கைகோத்திருந்தது. 2001இல் அது பாரதிய ஜனதாவின் கூட்டணியில் இருந்தது. தமிழ் மாநில காங்கிரஸும் காங்கிரஸும் எதிரணியில் இருந்தன. 2003 டிசம்பரில் பாரதிய ஜனதா அணியிலிருந்து விலகிய தி.மு.க., 2006இல் காங்கிரஸுடன் சேர்ந்து நின்றது. வாக்குப் பெட்டிக்குச் சமயம் தெரியாது. எவர் எவருக்கு வாக்களித்தார் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு எதுவுமில்லை. எனவே 2001இன் சரிவு முழுவதையும் ஒரே காரணத்தின் மீது சுமத்துவது முறையாகாது. ஆயினும், கட்சித் தலைவரே போட்டியிட்ட இடத்தில் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் குறைந்தன என்பதையும், கூட்டணி மாறிய பின் நாலாயிரத்திற்கும் மேற்பட்டவை திரும்பின என்பதையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இத்தொகுதியின் வாக்காளர்கள் ஆளைப் பார்த்தது போலவே அணியையும் பார்த்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

2006 முடிவில் இன்னொரு பாடமும் உண்டு. தாவூத் மியாகான் காயிதே மில்லத்தின் பேரர். காயிதே மில்லத் அடக்கம் செய்யப்பட்டிருப்பதோ வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில். அத்தகைய பெயர் தாங்கியவர் நின்றும், அவர் பெற்ற வாக்குகள் ஐந்தாண்டுகளுக்கு முன் காங்கிரஸ் வேட்பாளர் பெற்றதைவிட 660 மட்டுமே அதிகம். முஸ்லிம்கள் பெயரைப் பார்த்து மொத்தமாக வாக்களிப்பர் என்ற பரவலான கூற்றுக்கு இந்த எண் இடந்தரவில்லை.

2008இல் தொகுதி மறுவரையறை நடைமுறைக்கு வந்தது. சேப்பாக்கமும் அதன் அண்டைத் தொகுதியான திருவல்லிக்கேணியும் தனித்தனியே மறைந்து, சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி என்ற ஒரே தொகுதி உருவாயிற்று. முப்பதாயிரத்திற்கும் குறைவான வாக்குகளால் வெல்லக்கூடிய சிறு தொகுதிகள் நகரின் நடுவே இருக்க, புறநகர்த் தொகுதிகள் பன்மடங்கு வீங்கிக் கிடந்ததைச் சீர்செய்ய இது தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. கருணாநிதி 2011இல் திருவாரூருக்குச் சென்றார். புதிய தொகுதியில் 2011, 2016 தேர்தல்களில் தி.மு.க.வின் ஜெ. அன்பழகன் வென்றார். முதல் முறை அவரை எதிர்த்தவர் மனிதநேய மக்கள் கட்சியின் தமிமுன் அன்சாரி. அடுத்த முறை அ.தி.மு.க.வின் நூர்ஜஹான். 2021இல் உதயநிதி ஸ்டாலின் வென்றார்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு என்ன? 1977 முதல் 1991 வரை எந்த ஒதுக்கீடும் இன்றி, பல சமயத்தார் வாழும் ஒரு பொதுத் தொகுதி தொடர்ந்து ஐந்து முறை முஸ்லிம்களைத் தேர்ந்தெடுத்தது. 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு தேர்தல்களில் இப்பகுதி ஒரு முறையும் அவ்வாறு செய்யவில்லை. இடையில் மக்களின் மனம் குறுகிவிட்டது என்று கூறச் சான்றில்லை. மாறியது, வெல்லக்கூடிய கட்சி யாரை நிறுத்தியது என்பதுதான். இங்கு ஏறக்குறைய எப்போதும் வென்ற கட்சி முஸ்லிமை நிறுத்தியபோது முஸ்லிம் சென்றார். அது வேறொருவரை நிறுத்தியபோது அவர் சென்றார். தோற்கும் அணிகள் முஸ்லிம்களை நிறுத்தியதால் பட்டியலில் பெயர்கள் கூடின. சட்டமன்றத்தில் இருக்கைகள் கூடவில்லை.

எல்லைக் கோடுகளும் கவனத்திற்குரியவை. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் சில தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, அவர்கள் விகிதம் குறைந்த தொகுதிகள் பொதுவாக விடப்பட்டுள்ளன என்று உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகியவற்றைச் சுட்டி 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. மறுவரையறை நடைபெறும் காலங்களில் வரைவுகள் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. அப்போது ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் முன்வைப்பது குடிமக்களின் உரிமை. நம் சமுதாயம் பெரும்பாலும் தவறவிட்ட உரிமையும் அதுவே.

தனித் தொகுதி மீண்டும் வேண்டுமெனக் கேட்க சேப்பாக்கத்தின் வரலாறு நமக்குக் காரணம் தரவில்லை. அதற்கு மாறாக, பொதுத் தொகுதியின் மீதான நம்பிக்கையை அது வலுப்படுத்துகிறது. ஆனால் அந்த நம்பிக்கையை நிறைவேற்றும் பொறுப்பு வாக்காளரிடம் மட்டும் இல்லை. வேட்பாளர் பட்டியல் எழுதப்படும் அறையில்தான் பிரதிநிதித்துவத்தின் பாதி முடிவாகிவிடுகிறது. தேர்தல் நாளன்று மட்டும் விழித்துக்கொள்ளும் சமுதாயம் எஞ்சிய பாதியைக் கொண்டே நிறைவடைய வேண்டியிருக்கும்.