நான்கு மூச்சா, எட்டு மூச்சா?

சிசேரியனுக்கு இன்று பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்திருப்பாள், குழந்தையின் முதல் அழுகையையும் கேட்பாள். அதற்கு அவகாசம் இல்லாதபோதோ உடல்நிலை இடம் கொடுக்காதபோதோதான் முழு மயக்கம். அப்போது மருந்து ஏறுவதற்கு முன் மாஸ்க்கை முகத்தில் வைத்து, "நல்லா மூச்சை இழுத்து விடும்மா" என்கிறார் மயக்க மருத்துவர். எத்தனை முறை இழுத்து விடுவது என்ற கேள்வியைச் சுற்றி ஒரு நீண்ட வாதமே நடந்திருக்கிறது.

மருத்துவர்களின் முதல் கவலை வயிற்றைப் பற்றியது. பிரசவ மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விட்ட 66 பேரைப் பற்றி 1946இல் நியூயார்க் மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் எழுதினார். மயங்கிய கர்ப்பிணிக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தினால் அது வயிற்றுக்கும் போய் எதுக்களிப்பைத் தூண்டலாம். ஆகவே, மருந்தைக் கொடுத்து, காற்றை அழுத்தாமல், சட்டென்று மூச்சுக்குழாயில் டியூப் போடும் முறை வேரூன்றியது. இதற்கிடையே அவள் மூச்சு நின்றிருக்கும். அந்த இடைவெளிக்கான ஆக்சிஜனை முன்கூட்டியே சேர்த்துவைத்தாக வேண்டும்.

சேர்த்துவைக்கும் இடம் நுரையீரல்தான். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்; மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் சுவாசிக்க நைட்ரஜன் வெளியேறி அந்த இடமும் ஆக்சிஜனால் நிரம்புகிறது. நிறைமாதத்திலோ கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளிவிடுவதால், மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் தங்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடலின் ஆக்சிஜன் தேவையோ கூடியிருக்கிறது. இருப்பு குறைவு, செலவு அதிகம். ஆர்ச்சரும் கெர்ட்டி மார்க்ஸும் 1974இல் இதை அளந்தே காட்டினார்கள்: ஒரு நிமிடம் மூச்சு நின்றபோது தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் மற்றப் பெண்களுக்குச் சராசரியாக 58 மி.மீ. குறைந்தது; கர்ப்பிணிகளுக்கு 139 மி.மீ.

குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது மூன்று, ஐந்து நிமிடம் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? 1981இல் கோல்டும் அவருடைய சகாக்களும், அரை நிமிடத்தில் நான்கு ஆழ்ந்த மூச்சுகள் ஐந்து நிமிடச் சுவாசத்துக்கு ஈடு என்று அறிவித்ததும் பிரசவ அரங்குகள் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1985இல் நாரிஸும் டீவனும் இதைச் சிசேரியனிலேயே மூன்று நிமிட முறையோடு ஒப்பிட்டார்கள்.

ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருப்பது ஒன்று, கையிருப்பு நிறைந்திருப்பது வேறொன்று. நான்கு மூச்சில் முதலாவது நிறைவேறலாம். 1987இல் வந்த ஒரு ஒப்பீட்டில், மூச்சு நின்ற பிறகு நான்கு மூச்சுக்காரர்களின் ஆக்சிஜன் அளவுதான் மூன்று நிமிடக்காரர்களைவிடச் சீக்கிரம் சரிந்தது. அதோடு ஒரு கருவிச் சிக்கலும் உண்டு. வேகமாக ஆழ்ந்து இழுக்கும்போது இயந்திரம் தரும் புது ஆக்சிஜன் போதாமல், தான் விட்ட காற்றையே அவள் திரும்ப இழுக்க நேரிடும். மாஸ்க்கின் ஓரம் கன்னத்தில் சரியாகப் படியாவிட்டால் அறைக்காற்றும் உள்ளே புகுந்துகொள்ளும்.

1999இல் பெய்ரூட்டைச் சேர்ந்த அனிஸ் பரக்கா, ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டி ஒரு நிமிடத்தில் எட்டு மூச்சு என்ற நடுவழியைச் சொன்னார். அவர் சோதித்தது கர்ப்பிணிகளை அல்ல. 2004இல் பிரான்சில் கர்ப்பிணிகளிடமே சோதித்தபோதும் எட்டு மூச்சு மூன்று நிமிட முறைக்கு இணையாக நின்றது, நான்கு மூச்சு பின்தங்கியது. அவசரத்திலும் அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்றே இந்தத் தரவுகளைப் பார்த்தால் தோன்றுகிறது.

தலைப்பக்கத்தை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் பரக்கா 1992இல் பார்த்திருந்தார். மற்றப் பெண்களுக்கு அது நன்றாகவே உதவியது. கர்ப்பிணிகளுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை. ஆனாலும் 2015இல் பிரிட்டனில் வந்த வழிகாட்டுதல் 20 முதல் 30 டிகிரி வரை தலையை உயர்த்தச் சொல்கிறது. எதுக்களிப்பு குறையும், டியூப் போடவும் வசதி என்பவை அதற்கான காரணங்களில் சில. மூச்சை எண்ணுவதோடு நில்லாமல், அவள் வெளியே விடும் காற்றில் ஆக்சிஜன் 90 சதவீதத்தை எட்டிவிட்டதா என்று மானிட்டரைப் பார்க்கவும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.