காமன் கூத்தும் எங்கள் நாடகப் பாடமும்

நாடகமும் அரங்கியலும் பாடத்தில் நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது குரல், அசைவு, மெய்ப்பாடு, அரங்க வெளி என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் இது ஐரோப்பாவில் இருந்து வந்த படிப்பு என்றே நினைக்கிறார்கள். மடுல்சீமைப் பிள்ளைகள் அப்படி நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை உறவுகளே.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்திலே கங்காணிமாரோடு தமிழ்நாட்டில் இருந்து நடந்து வந்தவர்கள் காமன் கூத்தையும் கொண்டு வந்தார்கள். கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, கூத்து நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் மலையகத்தில் நிலைத்துவிட்டது என்கிறேன். மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை, எரிந்து போகிறான். கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே சனம் பார்க்க வந்தது கதையை அல்ல, நடிப்பை.

பாடசாலை மேடையில் முதல் பாடம், பார்வையாளருக்கு முதுகு காட்டாதே என்பது. லயத்து முற்றத்தில் சனம் நாலு பக்கமும் இருக்கும்; யாருக்காவது முதுகு தெரியத்தான் செய்யும். அதனால் கூத்தர் சுற்றி ஆடி, ஒரே அடியைத் திசைக்குத் திசை திரும்பிப் பாடினார். முதுகும் நடிக்க வேண்டும். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் தப்புச் சத்தத்துக்கு மேலே கடைசி வரிசைக்கும் சொல் கேட்க வேண்டும். தப்பின் அடி மாறினால் காலும் மாறும்.

ரதியாக வந்ததும் ஆண்தான். பஜாரில் கடை வைத்திருந்த எங்கள் வாப்பா ஓரமாக நின்று பார்த்ததைச் சொல்லுவார். முதல் நாள் தன்னிடம் கருவாடு வாங்கிப் போன மனுசன்தான் ரதி என்பதை அவருக்கு நம்பவே முடியவில்லையாம்.

1898இல் மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நடிகர் பாத்திரத்தை உள்ளே வாழ வேண்டும் என்றார். பிரெக்ட், பாத்திரத்தில் இருந்து விலகி நின்று காட்டு என்றார். நம் கூத்தர் விரதமிருந்து மன்மதனானார். சபைக்கு வந்ததும் தான் இன்னார் என்று தானே பாடி அறிவிக்கவும் செய்தார். இரண்டு வேலையும் ஒரே ஆள்.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனையில் மேடைக்கு ஏற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. மலையகக் கூத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. அதே காலத்தில்தான், 1964இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. பெருந்தொகையானோர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். கூத்தைப் பழக்கிய வாத்தியார் ஒரு பக்கம், ரதி ஒரு பக்கம், தப்படித்தவர் ஒரு பக்கம் என்று போனால் கூத்து எப்படி மிஞ்சும்? பாட்டெல்லாம் பெரும்பாலும் மனப்பாடம்தானே.

உங்கள் தோட்டத்தில் ரதியாகவோ மன்மதனாகவோ ஆடிய பெரியவர் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வரும் மாசிக்கு முன்னே என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் நடந்து காட்டட்டும். நாங்கள் போனில் படம் பிடிக்கிறோம்.