ஓட்டில் எழுதிய ஊர்ப்பெயர்

கண்ணால் காண்பது வேறு. கண்டதைக் கருத்தில் கொள்வது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை அளந்தறிய விரும்பினால், நாம் பசிபிக் மாக்கடலின் கலாபகஸ் தீவுகளுக்குச் செல்லுதல் வேண்டும்.

எக்வடோர் நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், கடலடி எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்தவை இத்தீவுகள். 1535ஆம் ஆண்டு, பனாமாவின் ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா ஏறிச் சென்ற கப்பல் காற்றிழந்து, நீரோட்டத்தில் இழுபட்டு இங்கு ஒதுங்கியது. அவர் கண்டவை கரிய பாறைகளும், பேராமைகளும், மனிதரைக் கண்டு அஞ்சாத பறவைகளுமே. ஆமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லே பின்னர்த் தீவுகளுக்குப் பெயராயிற்று.

சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1835 செப்டம்பரில், 'பீகிள்' என்னும் ஆங்கிலக் கப்பல் வந்தது. அதில் வந்த சார்லஸ் டார்வினுக்கு அப்போது வயது 26. ஐந்து வார காலத்தில் நான்கு தீவுகளில் அவர் இறங்கினார். கிளையில் அமர்ந்திருந்த பருந்தைத் துப்பாக்கி முனையாலேயே தள்ளிவிடும் அளவுக்கு அங்குள்ள உயிர்கள் அச்சமறியாதிருந்தன. ஆமைகளின் முதுகில் ஏறி அமர்ந்தும் பார்த்தார். ஓர் ஆமை பத்து நிமிடத்தில் 60 கெஜம் நடப்பதைக் கணக்கிட்டார். மேட்டு நிலத்துச் சுனைகளை நாடி ஆமைகள் நடந்து நடந்து தேய்ந்த தடங்களைக் கண்டார். அத்தடங்களைப் பின்பற்றியே ஸ்பானியர் அங்கு நன்னீரைக் கண்டறிந்தனர் என்றும் எழுதினார்.

இத்துணை நுட்பமாக நோக்கியவர் ஒன்றைத் தவறவிட்டார். தீவுகளின் துணை ஆளுநராய் இருந்த நிக்கலஸ் லாசன், எந்த ஆமையைக் காட்டினாலும் அது எந்தத் தீவினது என்று தம்மால் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். டார்வின் அதனை உடனே பொருட்படுத்தவில்லை. இரு தீவுகளில் திரட்டியவற்றை ஓரளவு கலந்தும் வைத்துவிட்டார். அருகருகே உள்ள தீவுகளில் வேறுவேறு உயிரினங்கள் வாழும் என்று அவர் கனவிலும் கருதவில்லை.

1837இல் இலண்டனில் பறவை நூலார் ஜான் கூல்ட் அப்பறவைகளை ஆராய்ந்தார். மாக்கிங்பேர்ட் பறவைகளுக்கு மட்டும் டார்வின் தீவுவாரியாகக் குறிப்பு வைத்திருந்தார். அவை மூன்று தனி இனங்கள் எனக் கூல்ட் கண்டார். குருவிகளுக்கோ அத்தகைய குறிப்பில்லை. கப்பல் தலைவரும் பிறரும் சேர்த்தவற்றிலிருந்தே அக்குறையை நிரப்ப வேண்டியதாயிற்று.

ஆமைகளின் கதை என்னாயிற்று? பீகிள் கப்பலில் முப்பது பேராமைகள் இறைச்சிக்காக ஏற்றப்பட்டன. வழியில் அவற்றை உண்டுவிட்டு, ஓடுகளைக் கடலில் எறிந்தனர். சான்று உணவாயிற்று! உணவும் நீருமின்றி நெடுநாள் உயிர்வாழும் ஆமையைத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நடமாடும் உணவுக் களஞ்சியமாகவே கருதின. துணை ஆளுநர் வாழ்ந்த ஃப்ளோரியானா தீவின் ஆமையினம் சில பத்தாண்டுகளில் அத்தீவிலிருந்து அற்றுப்போயிற்று. பின்டா தீவினத்தின் கடைசி ஆமை, 'தனிமை ஜார்ஜ்' எனப் பெயர் பெற்றது, 2012 ஜூன் 24 அன்று மாண்டது.

எனினும் ஓர் ஆறுதல் உண்டு. எஸ்பான்யோலா தீவில் எஞ்சியவை 14 ஆமைகளே. அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சிச் சாலையில் இருந்த ஓர் ஆண் ஆமை அதே தீவினது என்று கண்டறிந்து, அதனையும் அவற்றோடு சேர்த்து இனம் பெருக்கினர். அவற்றின் வழித்தோன்றல்கள் தீவில் ஏறத்தாழ 2,000 ஆகப் பெருகியபின், 2020ஆம் ஆண்டு அப்பதினைந்து முதிய ஆமைகளும் தாய்மண்ணுக்குத் திரும்பின.

எந்த ஆமை எந்தத் தீவினது என்று பிரித்தறியும் அறிவு, ஆமையை உண்டு வாழ்ந்தோரிடம் அன்றே இருந்தது. அதனைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் செவி காலந்தாழ்த்தியே வாய்த்தது. இடையில் அழிந்தவை மீளா. கற்றோர் நாம், கல்லாதார் சொல்லும் கண்டறிவைக் கேட்கப் பழகுவோமாக.