குதையில் பிறந்த சொல்: ஜப்பானிய "ஹஸு"வின் வரலாறு



ஜப்பானிய மொழி கற்போர் தொடக்க நிலையைக் கடந்ததும் "ஹஸு" என்னும் சொல்லைச் சந்திப்பர். "தனகா-சான் வா குரு ஹஸு தா" என்றால் தனகா வருவார் என்று பொருள். ஆனால், அப்படிச் சொல்பவரிடம் அதற்குரிய காரணம் இருத்தல் வேண்டும். தனகா வாக்களித்திருக்கலாம், அவர் ஏறிய தொடர்வண்டியின் நேரம் தெரிந்திருக்கலாம். காரணமின்றி மனத்திற்பட்டதைக் கூற வேறு சொற்கள் உள்ளன.

இலக்கணச் சொல்லாகும் முன்பு ஹஸு ஒரு பொருளின் பெயராக இருந்தது. வில்லின் முனையில் நாண் மாட்டும் இடம் "யுஹஸு". அம்பின் அடியில் நாணைக் கவ்வும் பிளவு "யஹஸு". தமிழில் இவ்விரண்டிற்கும் குதை என்ற பழஞ்சொல் உண்டு. கி.பி. 720இல் நிறைவுற்ற நிஹோன் ஷோகி என்னும் வரலாற்று நூல், சூஜின் பேரரசர் காலத்து வரிகளைக் கூறுகிறது. ஆடவர் வேட்டைப்பொருளாகச் செலுத்தியது வில்குதை வரி. பெண்டிர் கைத்தொழிற் பொருளாகச் செலுத்தியது கைந்நுனி வரி. சூஜின் தொன்மம் சார்ந்த அரசரே எனினும், சொல்லின் பழைமைக்கு இது போதிய சான்று.

குதையும் நாணும் பிசகாமல் பொருந்தினால்தான் அம்பு பாயும். இப்பொருத்தமே "இயல்பாக அமைய வேண்டியது" என்ற கருத்தைத் தந்தது என்பர். முரோமாச்சிக் காலம் (1336–1573) தொட்டு, முன்னேற்பாடு, உடன்பாடு, நடக்கவிருப்பது எனப் பொருள் விரிந்தது. முன்னேற்பாட்டை இன்றும் "தெஹஸு" என்கின்றனர். சூமோ மற்போரில் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களிலிருந்து விரித்து எதிராளியை உந்தும் கைவடிவத்திற்கும் ஹஸு என்றே பெயர்! 1603இல் நாகசாகியில் ஏசு சபையினர் அச்சிட்ட அகராதி ஹகர வரிசையை "ஃப" ஒலி தரும் எழுத்தால் குறிக்கிறது. அன்று இச்சொல் ஏறக்குறைய "ஃபஸு" என ஒலித்திருக்கும்.

பழைய இலக்கிய மொழியில் எதிர்பார்ப்பு, கடமை, இயலுமை, மனவுறுதி அனைத்தையும் "பெஷி" என்ற ஒரே துணைவினை சுமந்தது. பேச்சில் அது தேய்ந்தபோது, அதன் "பெகி" வடிவம் கடமைக்கென நின்றது. எதிர்பார்ப்பின் பெரும்பங்கு ஹஸுவிடம் வந்து சேர்ந்தது. இன்று "குரு பெகி தா" என்றால் வருவது அவர் கடமை. "குரு ஹஸு தா" என்றால் வருவார் என்பதற்குக் காரணம் உண்டு.

நம் மாணவர் இடறுவது இங்கேதான். "நீ நாளை வர வேண்டும்", "அவர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்" என இரண்டிற்கும் நாம் "வேண்டும்" என்கிறோம். ஆங்கிலத்தின் "ஷுட்" என்பதும் அவ்வாறே. ஆகவே ஆங்கிலவழி விளக்கம் இங்கு உதவாது, "எதனால் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டுப் பழக்குவதே பயன்தரும் என்பது என் கருத்து. தமிழ்–ஜப்பானிய உறவை வலியுறுத்திய அறிஞர் சுசுமு ஓனோவின் (1919–2008) கொள்கையைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. குதை ஒற்றுமையை அதற்குச் சான்றாக்க வேண்டா. வில் எங்கும் இருந்தது.

தம் சொந்த முடிவுக்கு ஹஸு பொருந்தாது. "நான் போக எண்ணியுள்ளேன்" என்பதற்குத் "த்ஸுமோரி" வரும். எதிர்மறையிலும் கவனம் தேவை. "கொனய் ஹஸு தா" என்றால் வரமாட்டார் என்று எதிர்பார்க்கிறேன்; "குரு ஹஸு கா நய்" என்றால் வரவே வாய்ப்பில்லை. குளிரால் நடுங்கியவர், சன்னல் திறந்திருப்பதைக் கண்டதும் "சமுய் ஹஸு தா" என்பார்: "அதுதானே, குளிராமல் என்ன செய்யும்!"